கூட்டினால் நூறு வர வேண்டும்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்காவது அக்கா ஒருமுறை ஊசி போட்டு இரத்தம் எடுத்திருப்பார். வலித்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மணப்பாட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள், அக்கா மூத்தவர். அப்பா கடலில் கை முறிந்து வீட்டிலிருந்தபோது, அக்கா நர்சிங் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஓராண்டு லேப் படிப்பில் சேர்ந்தார். தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் இருபத்தெட்டு வருட வேலை. தம்பிமார் இருவரும் கப்பல் படிப்பு படித்ததும், நான் பள்ளி அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதும் அவரால்தான். மெஷின் எண்ணித் தந்த வெள்ளணுக்களையும் மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவார். "மெசினு பொய் சொல்லாது. ஆனா தப்பு சொல்லும்" என்பார்.

அவருக்கே கல்லீரலில் புற்றுநோய் என்றானபோது எங்களுக்குத் தைரியம் சொன்னவரும் அவர்தான். முதல் சிகிச்சை முடிந்த சமயம், கப்பலில் என்ஜின் வேலை பார்க்கும் அத்தானுக்கு ஒன்பது மாத ஒப்பந்தம் வந்தது. அடுத்த இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்றார் அக்கா. கட்டியின் அளவு மட்டுமல்ல, உடம்பில் அழற்சி எவ்வளவு என்பதும் இந்த நோயின் போக்கைக் காட்டும். வெள்ளணுக்களில் நியூட்ரோபில் ஏறி லிம்போசைட் இறங்கினால் நல்லதல்ல. அழற்சியை அளக்கும் சிஆர்பி கூடினாலும் அப்படித்தான். அக்காவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. நியூட்ரோபில் எண்பத்திரண்டு. சிஆர்பியும் ஏறியிருந்தது. நோயாளியிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக் கஞ்சி குடிக்க வைப்பதுதான் பாசம் என்று வளர்ந்தவள் நான். அலுவலகக் கம்ப்யூட்டரில் எண்பத்திரண்டை அறுபத்திரண்டாக்கி, சிஆர்பியையும் குறைத்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு மில்லர்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கடைக்குப் போயிருந்தார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறைதான் பார்த்தார்.

"ஏளா, இந்த அஞ்சையும் கூட்டு."

வெள்ளணுக்கள் ஐந்து வகை. நூற்றுக்கு இத்தனை என்று எழுதுவதால் கூட்டினால் நூறு வர வேண்டும். எனக்கு எண்பதுதான் வந்தது.

"மிச்சம் இருவது எங்க? வார வழியில கடல்ல போட்டுட்டியா?"

நான் அழுதுவிட்டேன்.

"நான் பயப்படுததுக்குக் கேக்கல. அவுக கப்பல் ஏறணுமா வேண்டாமான்னு நாந்தான சொல்லணும்? நெச ரிப்போர்ட்ட எடு."

போனில் இருந்ததைப் பார்த்தார். அத்தான் வந்ததும், "ரத்தம் சரியில்ல. இந்தத் தடவ போவாண்டாம், இங்கன இருங்க" என்றார். அத்தான் அன்றே கம்பெனிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

எண்கள் குறிப்புதான் காட்டும், நாள் குறிக்காது என்று டாக்டர் சொன்னார். அக்காவும் சிகிச்சையை விடவில்லை. அத்தான் சமைக்கக் கற்றுக்கொண்டார். குழம்பில் உப்பு கூடினால் அக்கா அதற்கும் ரிப்போர்ட் வாசித்தார். அன்றிலிருந்து ஏழாம் மாதம் ஒரு காலையில், அத்தான் கையைப் பிடித்தபடியே அக்காவின் மூச்சு அடங்கியது. இப்படி ஒருவர் எனக்கு அக்காவாக வாய்த்ததில் எனக்குப் பெரும் பெருமை.

வயதானதால் அத்தானுக்குக் கப்பல் கிடைக்கவில்லை என்று உறவில் சிலர் பேசியது காதில் விழுந்தது. கிடைத்த கப்பலை விட்டவர் அவர் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

உண்மையை மறைக்காத டாக்டருக்கும், முறை வைத்து வந்து துணையிருந்த லேப் தோழியருக்கும், ஜெபித்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தான், நான் ரிப்போர்ட்டைத் திருத்திய கதை உங்களுக்கும் இங்கேதான் தெரியவரும். அக்கா கடைசிவரை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அன்று அவர் கூட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால், அந்தக் காலையில் நீங்கள் நடுக்கடலில் இருந்திருப்பீர்கள். அனுப்பி வைத்தவள் நானாக இருந்திருப்பேன். என்னை மன்னித்துவிடுங்கள்.