சுண்டுவிரல் மீதான விசாரணை

பாடகர் போகும் வழியெல்லாம் கேள்வி கேட்காமல் பின்தொடர்வதே பக்கவாத்தியக்காரரின் முதல் விதி; என் இடதுகைச் சுண்டுவிரல் முறிந்தபின் அந்த விதியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. மேம்பாலத்துக்காகத் தாம்பரத்தில் தோண்டியிருந்த பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். எலும்பு கூடியது, விரல் மடங்க மறுத்தது. நான்கு விரல்களின் வேலையை மூன்றுக்குப் பகிர்ந்தளித்து, ஏழு மாதம் சாதகம் செய்து, வயலினுக்குத் திரும்பினேன். செம்பாக்கத்து ராமநவமிக் கச்சேரி எட்டு ஆண்டுகளாக என்னுடையது. அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. அடிபட்டு எழுந்ததோடு, எழுந்துவிட்டதை நிரூபிக்கும் பொறுப்பையும் சுமப்பவர்களே, மேலே படியுங்கள்.

தேன் பாட்டில்

சபாவின் செயலாளர் நலம் விசாரிக்க வந்தார். காப்பி டம்ளரை எந்தக் கையில் கொடுக்கிறேன் என்று கவனித்தார். இடக்கையால் நீட்டுவது மரியாதையன்று என்பதால் வலக்கையால் கொடுத்தேன். அவர் முகம் வாடியது. உடனே பையிலிருந்து ஒரு தேன் பாட்டிலை எடுத்து, மூடி இறுகிவிட்டது, திறந்து தர முடியுமா என்றார். திறந்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தது என் பிழை.

"அடிபட்ட கையால அப்படியே மூடியும் காட்டிடும்மா."

முன்வரிசையில் ஒரு பெட்டி

கச்சேரியன்று முன்வரிசை நடுவில், பட்டு ஜிப்பா அணிந்த ஒருவர் மடியில் வயலின் பெட்டியோடு அமர்ந்திருந்தார். கேட்க வந்தவர் எதற்காக வாசிக்கப் போகிறவர்போல வில்லுக்கு ரோஸின் பிசின் தடவுகிறார் என்று செயலாளரை அழைத்துக் கேட்டேன். அவர் கண் இமைக்கவில்லை.

"ரசிகர்மா அவர். வயலினை வண்டியிலயே வெச்சா ஹீட் ஆயிடாதா?"

திடீர்க் கருணை

பாடியவள் வசந்தா, என் பத்தாண்டுத் தோழி. வேகச் சுரங்களை வீசி என்னைத் திணறடிப்பதில் அவளுக்குத் தனி இன்பம் உண்டு. அன்றோ எல்லாவற்றையும் ஆமை நடையில் பாடினாள். மேல் ஸ்தாயிப் பக்கமே போகவில்லை. எதிரி இரக்கம் காட்டினால் பயப்படலாம். தோழி காட்டினால் அவமானம். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தின்போது குனிந்து, ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் சபையைப் பார்த்துச் சிரித்தபடியே முணுமுணுத்தாள்.

"உன் கைக்காகத்தான்டி. நீ கஷ்டப்படக் கூடாதே."

ஒலிபெருக்கியின் சாட்சியம்

இதற்கிடையே என் வயலின் ஒலி தேய்ந்துகொண்டே போனது எனக்குக் கேட்டது. கையசைத்தேன், பல்லாவரத்து மைக்செட் காதர் பாய், எல்லாம் சரி என்று தலையசைத்தார். செயலாளரின் கைவரிசை என்று முடிவு கட்டினேன். மங்களம் முடிந்ததும் நேரே ஆம்ப்ளிஃபயர் அருகே போய், என் ஒலியைக் குறைக்கச் சொன்னது யார் என்று காதர் பாயைக் கேட்டேன். செயலாளரும் பதறிப் பின்தொடர்ந்து வந்தார். மாலை முழுவதும் என் விரலைப் பார்க்காமல், காதால் கேட்ட ஒரே மனிதர் வயரைச் சுருட்டியபடி பதில் சொன்னார்.

"யாரும் சொல்லலக்கா. உன்னுது நல்லாத்தான் கீது. பாட்டுக்காரம்மாவுக்குத்தான் தொண்ட கட்டிகினு கீது. அவங்க மைக்க ஏத்திகினே இருந்தேன், அதான் உன்னுது கம்மியா கேட்டுச்சு."

அடுத்த ராமநவமிக்கும் என்னையே அழைத்திருக்கிறார்கள். செயலாளர் அந்தத் தேன் பாட்டிலோடு இப்போது வசந்தாவை நலம் விசாரிக்கப் போயிருப்பதாகக் கேள்வி.