மஞ்சள் கண்ணும் ஊசி போடாத நானும்

அக்குபங்சர் பார்ப்பவர்கள் பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும்: ஊசி வலித்தால் கை சரியில்லை, வலிக்காவிட்டால் ஊசி சரியில்லை. கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்துக் கிளினிக்கில் எனக்கு வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எதையாவது தவறவிடுவேனோ என்ற பயம் கூடவே இருக்கும். டெம்போ ஓட்டும் ஸ்டீபன் அண்ணனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்திருந்த நேரம், கண் மஞ்சளாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனை. அதற்குள் வெள்ளையாக்க வேண்டுமாம்.

நாக்கு

கண் மஞ்சளானால் சீன மருத்துவத்தில் நாக்கையும் பார்ப்போம். பிசுபிசுப்பாக மஞ்சள் படிந்திருந்தால், உடம்பில் ஈரமும் சூடும் சேர்ந்து தேங்கிப் பித்தத்தை வழிமாற்றிவிட்டது என்று பொருள். அண்ணன் நாக்கை நீட்டினார். பாடப்புத்தகத்தில்கூட அப்படியொரு மஞ்சள் கிடையாது. நான் தலையாட்டுவதற்குள் அவர் மனைவி மேரி அக்கா சொன்னார்: "பிள்ளே, வழி நெடுவ ஏத்தங்காய் சிப்ஸ் தின்னுட்டு வாறாரு. அந்த மஞ்சப்பொடியாக்கும் அது."

வெயில்

சரி, கண்ணையே பார்ப்போம் என்று நினைத்தேன். பளிச்சென்ற மஞ்சள் என்றால் சூடு, அதற்குக் கசப்புக் கஷாயம். புகை படிந்தாற்போல் மங்கல் என்றால் குளிர், அதற்குச் சூடேற்றும் மருந்து. ஊசி போடும் இடங்களும் மாறும். எங்கள் அறை விளக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் வாசலில் நாற்காலி போட்டு, வெயிலில் அவர் இமையைத் தூக்கினேன். சந்தைக்கு வந்தவர்களும் கூடக் குனிந்தார்கள். ஒருவர் கீழாநெல்லி என்றார், இன்னொருவர் மந்திரிக்கச் சொன்னார். அண்ணன் கத்தினார்: "லேய், எனக்க கண்ணப் பாத்து மீனா வாங்கப் போறிய?"

ஊசி

மங்கல் மஞ்சள்தான். ஆனால் உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப் போகிறது என்றும் சொன்னார். பித்தம் எங்கோ அடைபட்டிருப்பதன் அடையாளம் அது. "ரத்தமும் ஸ்கேனும் பார்க்காமல் ஊசி போடமாட்டேன் அண்ணே," என்றேன். மெடிக்கல் தவறினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று திட்டிக்கொண்டே போனார். மேரி அக்கா அவரை நேராக ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார். பித்தக்குழாயில் கல். ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள், கண் வெளுத்தது. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

பிறகொரு நாள் அண்ணன், மேரி அக்காவோடு வந்து ஒரு பெரிய கவரை மேசையில் போட்டார்: "இவளுக்கு முட்டுவலி. ஸ்கேன் முதல்லயே எடுத்தாச்சு. இனியாவது ஊசி குத்துவியா, மாட்டியா?"

ஊசி போட்டு நான் இதுவரை பெரிய பேர் எதுவும் வாங்கியதில்லை. போடாமல் வாங்கியது இது ஒன்றுதான், அதுவும் நல்ல பேரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.