சோளத்தைக் குறைசொன்னவர்

அறுபதுகளில் ஒரு தை மாதம், உப்பிலியபுரத்தில் எங்கள் சோளக்காட்டுக்கு அறுவடை இயந்திரத்தோடு ஒரு இன்ஜினீயர் வந்தார். திருச்சிப் பட்டறையில் அவரே திருத்திச் செய்த இயந்திரமாம். வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் மினுங்கும் தலை, கையில் மடிப்புக் கலையாத கைக்குட்டை.

சோளம் ஆளை மறைக்கும் உயரத்தில், பெருவிரல் தடிமனில் நின்றது. இயந்திரம் கொஞ்ச தூரம் போகும்; சோளத் தண்டான தட்டை உள்ளே போகாமல் குறுக்கே விழுந்து சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அவர் இறங்கி, சோற்றைத் துப்பிய குழந்தைக்குத் துடைப்பதுபோல் அதன் வாயைக் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். தன் முகத்து வேர்வையை ஒருமுறைகூடத் துடைக்கவில்லை.

மதியத்துக்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். மிச்சமிருந்த பயிரை இடுப்பளவுக்கு அரிவாளால் அறுத்துவிடும்படி ஆட்களிடம் சொன்னார்.

"கதிரையும் பாதித் தட்டையும் நாங்களே அறுத்துட்டா, உங்க மெஷின் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"மிச்சத்த அறுக்கத்தாங்க," என்றார், சிரிக்காமல். "மெஷின்ல கோளாறே இல்லைங்க. பயிர்தான் அளவுக்கு மேல வளர்ந்திருக்கு."

இடுப்பளவுத் தட்டையில் இயந்திரம் ஜோராக ஓடியது. அவர் அதன்மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். என் மாடுகளுக்குக் கோடைத் தீவனமான தட்டை, கட்டாகக் கட்ட முடியாத துண்டுகளாகக் கிடந்தது. ஊரே வாரக்கணக்கில் சிரித்தது.

சில வருஷங்களில் குட்டைச் சோள விதை கடைக்கு வந்தது. இப்போது என் காட்டிலும் அதுதான். இயந்திரம் நிற்காமல் ஓடுகிறது. மாட்டுக்குத் தட்டையை வெளியே வாங்குகிறேன். அந்த ஆளின் திமிரைக்கூட மன்னித்துவிடலாம். அவர் சொன்ன அளவோடு சோளம் வளர்வதை நிறுத்திக்கொண்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.