ஓனருக்கு வந்த ‘ங்க’

எனக்குச் சும்மா உட்கார வராது. ரயிலில் இருக்கை கிடைத்தாலும் வாசலில் போய் நிற்பேன். கூட்டங்களில் மேசைக்கு அடியில் என் கால் தன்பாட்டில் ஆடும். பக்கத்தில் இருப்பவரின் தண்ணீர்க் குவளை நடுங்குவதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியவரும். “அந்தக் காலைக் கட்டிப் போடுங்க” என்று மனைவி சொல்லாத நாள் இல்லை. இந்த வியாதிக்குத் தோதான தொழில்தான் எனக்கு வாய்த்தது.

கொழும்பில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் நான் பங்காளி. தள்ளாடுகிற கம்பெனிகளை வாங்குவோம். ஆளைக் குறைத்து, நிர்வாகத்தை மாற்றி, நிமிர்த்தி நிறுத்துவோம். நாலைந்து வருடத்தில் விற்றுவிட்டு அடுத்ததைத் தேடுவோம். என் தங்கச்சிக்கு இதை விளக்கியபோது ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, சந்தையில விக்கிற மாதிரியா?”

“ஏறக்குறைய அப்படித்தான்.”

“மாட்டுத் தரகுக்கா நீ இம்புட்டுப் படிச்ச?” என்றாள்.

நாற்பதைத் தாண்டியதும் கம்பெனிகள் அலுத்துப்போயின. நண்பர்களோடு சேர்ந்து ஒரு கிரிக்கெட் அணியில் பங்கு வாங்கினேன். அடுத்த வருடம் ஓர் உதைபந்தாட்டக் கழகம். அணி என்பது கம்பெனியைவிட நல்ல போதை. கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தன் நிலைமையைச் சொல்லும். அணி ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லும். ஆட்டத்தை நான் முழுதாகப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். கோட்டோரமாக நடந்துகொண்டு, யாரை எடுக்கலாம், யாரை மாற்றலாம் என்று பயிற்றுவிப்பாளருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பேன். அப்படியே மூன்றாவதாகத் தங்கச்சியின் அணியிலும் கை வைத்தேன்.

நாங்கள் பிறந்தது நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டத்தில். நான் ஹட்டனில் படித்து, பல்கலைக்கழகம் போய், கொழும்பில் தங்கிவிட்டேன். என்னைவிட ஏழு வயது இளையவளான தங்கச்சி தோட்டத்திலேயே இருந்தாள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. தொட்டில்களை ஆட்டி முடித்த பின்னேரங்களில் அவள் கரப்பந்து விளையாடினாள். முதலில் நான்கு பேர், பிறகு பத்துப் பேர், எல்லாரும் தோட்டத்துப் பெண்கள். இரண்டு கம்பை நட்டு, கயிறு கட்டி, அதையே வலை என்று வைத்துக்கொண்டார்கள். எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் சரிவு. பந்தை வெளியே அடித்தவள்தான் தேயிலைக்குள் இறங்கி எடுத்துவர வேண்டும். அதனாலேயே எங்கள் பெண்கள் பந்தை வெளியே அடிப்பதில்லை. ஹட்டன் பக்கத்து அணிகளை எல்லாம் வரிசையாகத் தோற்கடித்தார்கள்.

“ஒங்க டீமை நான் எடுத்துக்கிறேன்” என்றேன்.

“எடுத்துக்கிறதுக்கு இது என்ன ரொட்டியா?” என்றாள். ஆனாலும் காலுக்குச் சப்பாத்து வேண்டும், போய்வர வான் வண்டி வேண்டும், நல்ல வலை வேண்டும். சம்மதித்தாள். கழகத்தை என் பெயரில் பதிவு செய்தேன். பெண்கள் என்னைக் கண்டால் “ஓனரு வர்றாரு” என்று சிரிப்பார்கள். தங்கச்சிதான் அவர்களிலேயே பலமாகச் சிரிப்பாள்.

கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பயிற்றுவிப்பாளரை அனுப்பினேன். நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஒவ்வொரு பயிற்சியிலும் யார் எத்தனை பந்து எடுத்தார்கள், எத்தனை தவறவிட்டார்கள் என்று குறித்து எனக்கு அனுப்புவார். நான் அதை ஒரு பட்டியலாக்கினேன். பெயருக்கு நேராக மூன்றில் ஒன்று வரும். ‘முழு’ என்றால் ஆட்டம் தொடங்கும்போதே இறங்கலாம். ‘அரை’ என்றால் இரண்டாவது சுற்றிலிருந்துதான். ‘இல்லை’ என்றால் அந்த வாரம் வெளியே. கம்பெனிகளில் இதைவிடக் கடுமையாகச் செய்திருக்கிறேன். முகம் தெரியாத எத்தனையோ பேரை ஒரு வரியில் வெளியே அனுப்பியிருக்கிறேன். இது எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

நான்காவது வாரம் தங்கச்சியின் பெயருக்கு நேராக ‘அரை’ வந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயது. முழங்கால் பழைய மாதிரி இல்லை. அணித்தலைவி என்றோ, என் தங்கை என்றோ சலுகை காட்டக் கூடாது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சலுகை காட்டாத என்னைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஒரு கூட்டத்தின் நடுவே, கால் ஆட்டிக்கொண்டே, பட்டியலை அணியின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அவளிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. “சரிங்க.”

பயிற்றுவிப்பாளருக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“சாப்பிட்டீங்களா? அண்ணி நல்லா இருக்காங்களா? கொழும்புல மழைங்களா?”

அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ‘நீ’தான், ‘வா போ’தான். நான் பங்காளி ஆனபோதும், கார் வாங்கியபோதும், எனக்குக் கல்யாணம் ஆனபோதும் அது மாறவில்லை. இப்போது வாய் நிறைய மரியாதை. விளையாடுகிறாள் என்று பார்த்தேன். அடுத்த ஞாயிறும் அதே ‘ங்க’. அதற்கு அடுத்த ஞாயிறும். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

பிள்ளைக் காம்பராவில் ஆறு தொட்டில்கள் தொங்கின. இரண்டை இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க” என்றாள். “உக்காருங்க.”

“என்ன புதுசா மரியாதை?”

“ஓனருக்கு மரியாதை குடுக்கணுமில்லீங்களா.”

“வெளையாடுறியா? வயசாச்சு, முழங்கால் சரியில்ல, அரை ஆட்டம் ஆடுன்னு சொன்னேன். அதுல என்ன குத்தம்?”

தொட்டில்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அம்மாவுக்கு அரைப்பேரு போட்ட அன்னிக்கு, கணக்கப்புள்ள சைக்கிள்ல காத்தைப் புடுங்கிவிட்டது யாருங்க? நீங்கதானே?”

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூடி நின்று, மலைக்குப் போய், சொன்ன அளவுக் கொழுந்தை எடுத்துக் கொடுத்தால் அந்த நாளுக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலிதான். மழைக்காலத்தில் அம்மாவுக்கு அடிக்கடி அரைப்பேர் விழும். நாள் முழுக்க நின்ற மனுஷிக்குப் பாதிப் பெயர். அப்படி ஒரு நாளில் அம்மா இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்கைக்கூட அவிழ்க்காமல் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று அழுததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஓடிப்போய் கணக்கப்பிள்ளையின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அந்த வீட்டில் வளர்ந்த நான் தோட்டத்துப் பெண்களின் பெயருக்கு நேராக ‘அரை’ என்று எழுதியிருக்கிறேன், அது என் கண்ணில் படவே இல்லை. பட்டியல் வந்த அன்றே பெண்கள் அதற்கு ‘அரைப்பேர் சீட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். வெட்கமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக நான் சத்தம் போட்டேன். ஒரு குழந்தை எழுந்து வீரிட்டது.

“புள்ளைங்க தூங்குதுங்க” என்றாள். அந்தக் கடைசி ‘ங்க’ பிள்ளைகளுக்கா எனக்கா என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பட்டியலை நிறுத்தினேன். புது வலை, முழங்கால் பட்டை, மைதானத்தின் சரிவுப் பக்கம் கம்பி வேலி என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் “ரொம்ப நன்றிங்க” வந்தது. இனி அவள்தான் எல்லாச் சுற்றிலும் இறங்க வேண்டும் என்று பயிற்றுவிப்பாளரிடம் சொன்னேன். “நீங்க சொன்னா சரிங்க” என்று இறங்கினாள். அந்த ஆட்டத்தைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். வென்றார்கள். வென்ற பிறகு என்னிடம் வந்து, இரண்டு கையையும் கூப்பி, “வந்ததுக்கு சந்தோசங்க” என்றாள். தோட்டத்துத் துரை பரிசு கொடுக்க வந்தால் எப்படி நிற்போமோ அப்படி நின்றாள். திரும்பும் வழி முழுக்க நான் மனசுக்குள் யாரிடமோ சண்டை போட்டபடி காரோட்டினேன். நான் வாங்கிய எதையும் இவ்வளவு சரியாகப் பழுதாக்கியதில்லை.

எங்கள் தொழிலில் கடைசிக் கட்டம் வெளியேறுவது. எத்தனையோ கம்பெனிகளிலிருந்து விருந்து வைத்து, கைகுலுக்கி வெளியேறியிருக்கிறேன். இதிலிருந்தும் வெளியேறிவிட வேண்டும் என்று ஒரு காலையில் பல் விளக்கும்போது தோன்றியது. ஆனால் விற்க முடியாது. விற்றால் வேறொருவன் பட்டியலோடு வருவான்.

ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகம். கழகத்தை விளையாடுகிற பெண்களின் பெயரிலேயே மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தை எழுதி வைத்திருந்தார். தங்கச்சி வேலையிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்தாள். பத்திரத்தை இரண்டு முறை படித்தாள். புரியாத இடங்களில் விரலை வைத்துச் சட்டத்தரணியிடம் கேட்டாள்.

“இதுல கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்குத் திரும்ப வந்து வாங்க மாட்டீங்கள்ல?” இது என்னிடம்.

“மாட்டேன்.”

“பயிற்சி நேரத்துல போன் பண்ண மாட்டீங்கள்ல?”

“மாட்டேன்.”

“ஆட்டம் பாக்க வரலாம். ஆனா யாரா இருந்தாலும் மைதானத்தச் சுத்திக் கட்டுன கயித்துக்கு வெளியதாங்க நிக்கணும்.”

கையெழுத்துப் போட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன்; சட்டத்தரணியின் கட்டணத்தை எண்ணிக் கொடுத்தேன். கீழே பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னலுக்குள்ளிருந்து “பாத்துப் போங்க” என்றாள். இதற்கு மேல் கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. மூன்றாம் மனிதனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

ஒரு மாதம் கழித்து எங்கள் மைதானத்திலேயே ஓர் ஆட்டம். பட்டிப்பொல பக்கத்திலிருந்து வந்த அணி, எல்லாரும் உயரமான பெண்கள். கூப்பிடாமலே போனேன். கூட்டத்தோடு கூட்டமாகக் கயிற்றுக்கு வெளியே நின்றேன். கைப்பேசியைக் காரிலேயே வைத்திருந்தேன். முதல் சுற்று எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது சுற்றில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். எங்கள் பின்வரிசையில் இடது மூலை வெறுமையாகக் கிடந்தது. இரண்டு பெண்களும் வலது பக்கம் நகர்ந்துவிட்டிருந்தார்கள். எதிரணி அங்கே அடித்தால் தீர்ந்தது. யாராவது பார்க்க மாட்டார்களா என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். முடியவில்லை.

“எடது! எடது மூலை!” என்று கத்தியபடி கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டேன். ஓடி வந்த ஒரு பெண் என்மேல் மோதி விழுந்தாள். அதே நேரம் வலையோரத்தில் தங்கச்சி எழும்பி அடித்த பந்து எதிர்ப்பக்கத்துத் தரையில் விழுந்தது. நல்ல அடி. ஆனால் அதற்கு முன்பே விசில் ஊதியாகிவிட்டது. வெளியாள் உள்ளே வந்ததால் புள்ளி செல்லாது, மறுபடி ஆடுங்கள் என்று நடுவர் கையைக் காட்டினார்.

கூட்டம் ‘ஓ’ என்றது. தங்கச்சி திரும்பினாள். முகம் முழுக்க வேர்வை. வலையோரத்திலிருந்து நேராக என்னை நோக்கி வந்தாள்.

“அண்ணே! ஒனக்கு அறிவிருக்கா? எத்தன தடவ சொல்றது ஒனக்கு? போ! வெளிய போ!”

“சரி, சரி” என்றேன்.

“என்ன சரி? போ!”

தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. விழுந்த பெண்ணைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, கூட்டத்தையும் தாண்டி, தேயிலை தொடங்குகிற இடத்தில் போய் நின்றேன். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு பார்த்தால், அவள் இன்னும் இடுப்பில் கையை வைத்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் தள்ளிப் போ!” என்று கத்தினாள்.

போனேன்.