திருப்பிச் சொல்லாத எண்

போடியிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு நான் வேலைக்கு வந்த முதல் நாள், எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வேலை, கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்வது. சுக்கும் மிளகும் விற்கும் கிடங்கு அது. கீழே தராசின் பக்கத்தில் நின்று சுலைமான் இக்கா, அதாவது சுலைமான் அண்ணன், ஒவ்வொரு மூட்டையின் எடையையும் ராகம் போட்டுக் கூவுவார். மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நான் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு டைப் அடிக்க வேண்டும். நான் சொல்லும்வரை அடுத்த மூட்டை தராசில் ஏறாது.

"செல்வி, நீ மிண்டாம, பேசாம இருந்தா நானும் மிண்ட மாட்டேன். அதான் இங்கத்த சட்டம்" என்றார் இக்கா.

வருடக்கணக்கில் எங்கள் இருவருக்கும் நடுவே எண்கள் மேலும் கீழும் போய்வந்தன. அரைத் தூக்கத்தில்கூட என் வாய் தானாகத் திருப்பிச் சொல்லும்.

சிக்னல் கிடைக்கும் இடம்

கணவர் இறந்தபின் கிடங்கை நடத்தியவர் ஆபிதா இத்தா, எங்கள் எல்லோருக்கும் அக்கா. எங்களுக்கு ஒரே ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர்தான் மிச்சம். வேறு ஊரில் யாரோ ஒரு வியாபாரியின் மெயிலைத் திருடி, பில்லில் பேங்க் கணக்கை மாற்றி அனுப்பி இந்த வாடிக்கையாளரை ஏமாற்றியிருந்தார்கள். "இனி உங்கள் மெயிலில் சின்னத் தப்பு வந்தாலும் நம் வியாபாரம் முடிந்தது" என்று எழுதிவிட்டார். அவர் போனால் கிடங்குக் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அதனால் இத்தா மெயிலுக்கு இரண்டாவது பூட்டு போடச் சொன்னார். பாஸ்வேர்டு அடித்தால் போதாது, ஆபீஸ் ஃபோனுக்கு வரும் ஆறு இலக்க கோட் எண்ணையும் அடிக்க வேண்டும். ஆனால் பழைய கிடங்கின் தடித்த சுவருக்குள் சிக்னல் கிடைப்பது தராசுக்குப் பக்கத்தில் மட்டும். ஆகவே ஃபோன் இக்காவிடம் இருந்தது. கோட் வந்ததும் மூட்டை எடையைப் போலவே அதையும் ஒவ்வொரு எண்ணாகக் கூவுவார். நானும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வேன். வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைத் தெருவில் ஏலம் விடுவது எங்களால் மட்டுமே முடியும்.

மழை மதியம்

மழைக்காலம். அடுத்த நாள் பில் அனுப்ப வேண்டும். ஓட்டின் மேல் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, சுக்குத் தூசி மூக்கில் காரமாக ஏறியது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. மேசையில் தலை சாய்த்தேன்.

கனவில் பக்கத்துக் காயல் நீர் கிடங்குக்குள் வந்திருந்தது. மூட்டைகள் மெல்ல மிதந்தன. இக்கா முழங்கால் தண்ணீரில் நின்று கூவினார். "எட்டு..." நானும் "எட்டு..." என்றேன். "மூணு..." "மூணு..." ஒவ்வொரு எண் சொன்னதும் ஒரு மூட்டை கதவைத் தாண்டிக் காயலில் போனது. எனக்கு அது பிடித்திருந்தது. "ஒம்பது..." "ஒம்பது..." "அஞ்சு..." "அஞ்சு..."

"ரெண்டு..."

எட்டு, மூணு என்று கேட்டபோதெல்லாம் உறைக்காதது அங்கே உறுத்தியது. சுக்கு மூட்டை எப்படி ரெண்டு கிலோ இருக்கும்? தப்பான எடையை நான் திருப்பிச் சொன்னதே இல்லை. வாயை மூடிக்கொண்டேன். மழை மட்டும் கேட்டது.

"செல்வி, ஒறங்கிட்டியா? ரெண்டு..."

பிறகு பழக்கமில்லாத ஒரு குரல், ஃபோன் ஸ்பீக்கரிலிருந்து. "சேட்டா, கடைசி நம்பரை வேகம் சொல்லுங்க."

கண் விழித்தேன். என் திரையில் மெயில் ஏற்கெனவே திறந்தே இருந்தது. நான் கோட் கேட்கவே இல்லை.

"இக்கா, சொல்லாதீங்க! ஃபோனைக் கட் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே படியிறங்கினேன்.

இக்கா ஃபோனைக் கட் பண்ணினார். "மெயில் கம்பெனியிலேர்ந்துன்னு சொன்னான். கணக்கு இப்ப பூட்டிப்போகும், வந்த நம்பரச் சொல்லுன்னான். நீதான் கேக்கச் சொன்னேன்னு நெனச்சேன். நீயும் மேலேர்ந்து திருப்பிச் சொன்னியே."

ஆமாம், நான்கு எண் வரை சொன்னேன்; ஐந்தாவதைத் திருப்பிச் சொல்லாததால்தான் இக்கா ஆறாவதைக் கூவவில்லை. எங்கள் கம்பெனிப் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்ததால் முதல் பூட்டை அவன் திறந்துவிட்டான். இரண்டாவதில் பாக்கி ஒரே ஒரு எண். அதை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மேலே ஓடினேன். பாஸ்வேர்டை மாற்றப் போனால் புதிய கோட் கேட்டது. இந்த முறை இக்கா வாயே திறக்கவில்லை. ஃபோனை உள்ளங்கையில் பொத்தி எடுத்துவந்து என் கண்முன் காட்டிவிட்டு, வேறு பக்கம் திரும்பி நின்றார்.

வேறு யாரும் உள்ளே நுழைந்திருக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மறுநாள் பில் எங்கள் கணக்கு எண்ணோடுதான் போனது, சரக்கும் கப்பல் ஏறியது.

"படச்சவன் காத்தான்" என்றார் இத்தா. பிறகு என்னைப் பார்த்து, "உன் ஒறக்கமும் காத்துச்சு. ஆனா ஆபீஸ்ல இனி ஒறங்காதே."

இப்போது

கோட் இப்போது என் ஃபோனில் உள்ள ஆப்பில் வருகிறது. சிக்னல் வேண்டாம், யாரும் கூவ வேண்டாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் கேட்காமல் கோட் வந்தால், வேறொருவன் உங்கள் பூட்டில் கை வைத்திருக்கிறான். கேட்பவன் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இக்கா இன்றும் மூட்டை எடையைக் கூவுகிறார், நானும் திருப்பிச் சொல்கிறேன். ஆப்பில் எண்கள் சத்தமில்லாமல் மாறும்போதும் மனதுக்குள் அவர் குரல்தான் ராகமாகக் கேட்கிறது. நான்கு எண் வரை உள்ளுக்குள் திருப்பிச் சொல்வேன். ஐந்தாவதில் வாயை மூடிக்கொள்வேன்.