மாமரத்தைத் துளைத்த வண்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்புறம் நான்கு விசைத்தறிகள் ஓடின. இன்னும் இரண்டு போட வேண்டுமென்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. அந்த இடத்தில் என் மாமரம் நின்றது. நான் நட்டு, நான் தண்ணீர் ஊற்றிய மரம். நான் வெட்ட விட்டால்தானே.

ஒரு காலையில் கை நிறைய மரத்தூளை அள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏட்டி, ஒன் மரம் போச்சு. வண்டு குடைஞ்சு தூளா கொட்டுது. நாளைக்கு வெட்ட ஆளு வாரான்."

"அதச் சொல்ல வந்த மொகம் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரில்லா இருக்கு."

போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு கிளையிலிருந்துதான் தூள் விழுந்தது. சாயம் தோய்த்த நூலைக் காயப்போட அவர் வரிசையாக ஆணி அடித்துப் பாதி சாகடித்த கிளை அது. வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

மறுநாள் சிவகிரியிலிருந்து மரம் வெட்டுகிறவர் வந்தார். கோடாரியைத் திருப்பி அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது கல்லு மாதிரி கெடக்கு. கேடு அந்தக் கொப்புல மட்டுந்தான்."

"ஒம்ம வெட்டக் கூப்பிட்டேனா, வைத்தியம் பாக்கக் கூப்பிட்டேனா வே?"

"வைத்தியம்னா கூலி கூடல்லா கேப்பேன்."

நான் சிரித்த சிரிப்பில் தறிக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கிளையை மட்டும் அறுத்துப் பிளந்தார். உள்ளே விரல் தண்டிக்கு வெள்ளைப் புழுக்கள். கூடவே உடம்பைவிட நீளமாக மீசை வைத்த ஒரு வண்டு. மிதிக்கப் போனேன்.

"விடுங்கக்கா. காட்டுல இது இல்லன்னா பட்ட மரம் பூரா அப்படியே நிக்கும். இது குடைஞ்ச ஓட்டை வழியா மழ எறங்கித்தான் மரம் இத்து மண்ணாவுது."

"காட்டுல இருக்கட்டும். எங்க வீட்டுக்கு எதுக்கு வந்துச்சு?"

"நோவு கண்ட கொப்பத் தேடித்தான் வரும். அண்ணாச்சில்லா ஆணியடிச்சு எல போட்டு அழைச்சிருக்காவ."

வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெட்டுவாயில் சாணியும் களிமண்ணும் பூசினோம். கீழே விழுந்த புழுக்களுக்குக் கோழிகள் அடித்துக்கொண்டன. கிளையைத் தூரத்து வேலியோரம் இழுத்துப் போட்டோம். மிச்சப் புழுவைத் தேடி ஒரு மரங்கொத்தி தினமும் வந்தது. அதை வேடிக்கை பார்த்து நின்ற வீட்டுக்காரரின் தறியில் நூல் அறுந்து கிடந்தது. இரண்டு மழைக்காலத்தில் கிளை கையால் பிசையுமளவுக்கு இற்றுப்போனது. அங்கே பூசணி போட்டேன்.

புதுத் தறிகள்? பழைய சாமான் கிடந்த கொட்டகையை ஒழித்தார். இரண்டும் தாராளமாக நின்றன. இதை முதலிலேயே செய்திருக்கலாம். சொன்னேன், தறிக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

கிளை அறுத்ததற்கு அடுத்த சித்திரையில் மரம் காய்த்துத் தள்ளியது. முதல் பழத்தை அவர்தான் தின்றார். முழங்கை வரைக்கும் சாறு வழிய, கொட்டையைக்கூட விடாமல் சப்பினார்.