கீழ்ச்சரிவை எடுத்துக்கொண்ட ட்ரோன்

ட்ரோன்கள் தமக்குள் பேசி வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் மென்பொருளை எழுதியவன் நான். உத்தரவு போட ஆள் வேண்டாம். எது பக்கத்தில் இருக்கிறதோ அது ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். ஒன்று எடுத்த பகுதிக்குள் இன்னொன்று போகாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காட்டுத்தீ நேரத்துக்கு உதவுமா என்று சோதிக்க, ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு மலையூரில் மூன்று ட்ரோன்களோடு தங்கியிருந்தேன். காலையில் கடுக்காய் பறிக்கப் போன மனைவி மதியமாகியும் திரும்பவில்லை என்று ஒருவர் வந்து நின்றார். ஊரில் ஏழெட்டுப் பேர் தேடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழக்கப்படி ஆளுக்கொரு சரிவு. நடந்துகொண்டே அவ்வப்போது 'கூ' என்று குரல் கொடுப்பார்கள். ஒரு பக்கத்துக் குரல் நின்றுபோனால், அடுத்த சரிவில் இருப்பவர் தன் தேடலை விட்டுவிட்டு அங்கே போவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. காட்டுக்குள் இத்தனை பேர் நடமாடினால் வெப்பக் கேமராவில் யாரை யாரென்று பார்ப்பது? எல்லோரையும் ஊரிலேயே நிறுத்திவிட்டு ட்ரோன்களைப் பறக்கவிட்டேன்.

கீழ்ச்சரிவை எடுத்துக்கொண்ட ட்ரோன் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் சிக்னல் போய்விட்டது. திரையிலோ அந்தச் சரிவு 'தேடப்படுகிறது' என்றே பச்சையாக இருந்தது. கணவர் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், அந்தாண்ட போனது சத்தமே காணோமே. நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"இருங்க அண்ணே. அது பாத்துக்கும்."

மறுபடியும் கேட்டார். எரிந்து விழுந்தேன்.

மற்ற இரண்டும் விதிப்படி அந்தச் சரிவுக்குள் போகாமல், தங்கள் பகுதிகளை முடித்துத் திரும்பின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்த வேலையைச் செய்ய முடியாமல் போன ட்ரோனிடமிருந்து அதைத் திரும்ப வாங்க நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பிறகு அரைநாளில் எழுதி முடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கீழ்ச்சரிவுக்கு ஓடினோம். கிளை ஒடிந்து அந்த அம்மா பாறைமேல் விழுந்து கிடந்தார். தொடையில் ஆழமான வெட்டு. உயிர் இல்லை. உடம்பு இன்னும் சூடாகவே இருந்தது.

காரியத்துக்குப் போனேன். கணவர் என்னை நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நின்னுட்டேன் சார். நான் போயிருக்கணும். என் தப்புதான்."

தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.